ரப்பர் தலீலா

தலீலாவைப் பற்றிப் பேச எனக்கு மற்றவர்களைவிட உரிமை அதிகம். அவளை நான் இரண்டு தடவை கல்யாணம் செய்தவன். முதல் தடவை இருவருக்கும் வயது குறைவு, புத்தி அதைவிடக் குறைவு. இரண்டாம் தடவை வயதாவது கூடியிருந்தது. எங்கள் ரின்மாதூ தீவில் இதெல்லாம் அதிசயமில்லை. பிரிந்து, இன்னொருவரைக் கட்டி, அதையும் விட்டு, பழைய வாசலுக்கே திரும்பி வந்தவர்கள் தெருவுக்கு ஒரு வீட்டில் இருக்கிறார்கள். ஆனால் படகு விசிறிக்குள் இருக்கும் ஒரு ஹப்புக்காக மறுபடியும் விவாகரத்து கேட்டுக் காஜியார் வாசல்வரை போகப் பார்த்தவர்கள் நாங்கள் மட்டும்தான்.

ஹப் என்றால் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. மோட்டாரின் தண்டு சுற்றும், அதன் முனையில் விசிறி சுற்றும். இரண்டுக்கும் நடுவில் ஒரு குழல் உட்கார்ந்திருக்கும். பழைய காலத்தில் அது ரப்பர், இப்போது கெட்டி பிளாஸ்டிக். எங்கள் ஊரில் எதுவாக இருந்தாலும் ரப்பர்தான். புருசன் பெண்டாட்டி சண்டையில் நடுவே புகுந்து இரண்டு பக்கமும் அடி வாங்கும் சொந்தக்காரர் மாதிரி அது. விசிறி பவளப்பாறையில் மோதினால் இந்தக் குழல் வழுக்கிவிடும், இல்லையென்றால் கிழியும். விசிறி நின்றுபோகும், தண்டு சும்மா சுற்றும், உள்ளே இருக்கும் கியர் பிழைக்கும். அப்புறம் எஞ்சினை மெதுவாக வைத்துக்கொண்டால் கிழிந்த ஹப்போடேயே ஊர்ந்து ஊர்ந்து கரைக்கு வந்துவிடலாம். வேறொரு ஹப் கிட் வாங்கிப் போட்டால் மறுநாள் படகு பழையபடி ஓடும்.

தலீலா இந்தத் தொழிலுக்கு வந்ததே கோணல் வழி. சின்ன வயதில் ஒரு உல்லாச விடுதித் தீவில் படகுச் சாமான் கிடங்கைப் பெருக்கித் துடைக்கும் வேலைக்குப் போனாள். பெட்டிகளைத் தூசி தட்டி அடுக்குவதுதான் வேலை. விசிறி ஒரு பெட்டி, ஹப் கிட் வேறு பெட்டி. தண்டில் எத்தனை பல், கியர் பெட்டி எவ்வளவு பருமன், எந்தக் கம்பெனி மோட்டார் என்று ஒவ்வொன்றிலும் எழுதியிருக்கும். ஒரே விசிறியை, உள்ளே கிட்டை மட்டும் மாற்றி, வேறு கம்பெனி மோட்டாரிலும் ஏற்றலாம் என்று அவளுக்குப் புரிந்த அன்று விடுதியிலிருந்து எனக்குப் போன் செய்து சொன்னாள். நான் தூக்கத்தில் இருந்தேன். அதனால் என்ன என்று கேட்டேன். போனை வைத்துவிட்டாள். எங்கள் விவாகரத்துக்கு விதை அங்கேதான் விழுந்தது என்பது என் கணக்கு.

கொஞ்ச நாளில் மெக்கானிக்குகள் மோட்டார் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் சரியான பெட்டி மேசைக்கு வந்துவிடும் என்று ஆகிவிட்டது. ஆனால் பெட்டிக்குள் இருப்பதை அவளே மாட்டப் போகிறேன் என்றதும் பட்டறையே சிரித்தது. விடாப்பிடியாக ஒன்றை மாட்டினாள். அதைத் தப்பாகவே மாட்டினாள். விசிறிக்கு முன்னால் போகும் வாஷருக்குச் சரிவான முகம் ஒன்று உண்டு, அது கியர் பெட்டியைப் பார்க்க வேண்டும். இவள் திருப்பிப் போட்டுவிட்டாள். விசிறி கியர் பெட்டியில் உரசி அப்படி ஒரு சத்தம் போட்டது. பட்டறைக்காரர்கள் அந்த வாஷரைக் கயிற்றில் கோத்து அவள் அலமாரியில் தொங்கவிட்டார்கள். அழவில்லை என்று அவள் சொல்வாள். அழுதிருப்பாள், எனக்குத் தெரியாதா. ஆனால் மறுநாள் காலை எல்லாருக்கும் முன்னால் போய்ப் பட்டறையில் நின்றாள், அடுத்த விசிறி எங்கே என்று கேட்டாள்.

பல வருடம் கழித்து ஊர் திரும்பி, துறைமுக ஓரத்தில் தீவுக் கவுன்சில் கொடுத்த இடத்தில் தகரக் கூரை போட்டுக் கடை திறந்தாள். பெண்கள் எல்லாம் மாசிக் கருவாடு போடுகிறார்கள், பாய் பின்னுகிறார்கள், இவளுக்கு மட்டும் ஏன் கிரீஸ் என்று பக்கத்தில் கயிறு பின்னிய வலை நாற்காலிகளில் உட்கார்ந்திருக்கும் கிழங்கள் பேசிப் பார்த்தன. அவள் வெற்றிலையை மென்றுகொண்டே ஒவ்வொருவரிடமும் அவரவர் படகு எப்போது தரை தட்டியது என்று சத்தமாக விசாரித்தாள். பேச்சு மெல்லக் குறைந்தது. நாங்கள் மறுபடி கல்யாணம் செய்துகொண்டது அந்த வருடம்தான்.

அவள் கடையில் காசைக் காட்டிக் கிட் வாங்கிவிட முடியாது. முதலில் விசாரணை நடக்கும். என்ன மோட்டார், என்ன பாரம் ஏற்றுவாய், உள்கடலில் ஓட்டுவாயா, வெளியே போவாயா, குறுக்கு வழியில் புகுவாயா. பொய் சொன்னால் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள். மணல் மூட்டை ஏற்றும் படகுக்குக் கொஞ்சம் விறைப்பான குழல். பாறைக்கு மேல் ஓட்டும் அவசரக்காரனுக்கு சீக்கிரம் விட்டுக்கொடுக்கும் குழல். விசிறியைக் கழற்றினால் வாஷருக்குப் பின்னால் சுற்றிக் கிடக்கும் தூண்டில் நரம்பை உருவி, சொந்தக்காரன் கையில் வைத்து, "இந்தா, இன்னிக்குப் புடிச்ச மீனு" என்பாள். அந்த நரம்புதான் கசிவை அடைக்கும் வளையத்தை அறுத்துக் கியர் எண்ணெயைக் கடலில் கொட்ட வைக்கும். தண்டில் கிரீஸ் தடவி, வாஷரை ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்துப் போட்டு, விசிறி இதழுக்கு மரக்கட்டை முட்டுக் கொடுத்து நட்டை முறுக்கி முடித்ததும், நட்டு கழலாமல் பிடிக்கும் தகட்டுக் காதை மடக்கும் வேலையை மட்டும் படகுக்காரனிடமே கொடுப்பாள். நாளைக்கு நட்டு கழன்றது என்று யாரும் வந்து நிற்கக் கூடாதல்லவா.

நோன்பு மாதம் வந்தால் எங்கள் கடலில் ஹப்புகளுக்குக் கேடுகாலம். பகலெல்லாம் ஓட்டிக் களைத்த கேப்டன்கள் சூரியன் இறங்குவதற்குள் வீட்டுச் சாப்பாட்டுக்கு ஓடி வருவார்கள். சுற்றி வந்தால் துறைமுக வாய். பாறைத் திட்டின் மேலாகக் குறுக்கே விழுந்தால் பாதி நேரம் மிச்சம். தண்ணீர் வற்றியிருக்கிறதா என்று வயிறு பார்க்காது.

அப்படி ஒரு சாயங்காலம், ஜௌஃபரின் வேகப்படகு போய் இடித்தது. ஓட்டியவன் நான். ஜௌஃபர் யாரென்றால், எங்கள் தீவுக்கும் விமானம் இறங்கும் தீவுக்கும் நடுவே ஆள் ஏற்றும் படகுகளுக்கெல்லாம் முதலாளி. நான் அவரிடம் கேப்டன். குறுக்கே போ என்றது அவர். என் பக்கத்தில் நின்றுகொண்டுதான் சொன்னார், இதை யாரும் மறுக்கட்டும் பார்க்கலாம். இரண்டு மோட்டாரின் ஹப்பும் ஒரே தட்டில் போயின. எஞ்சின் கத்துகிறது, படகு நகர மாட்டேன் என்கிறது. வேகத்தைக் குறைத்து நத்தை மாதிரி ஊர்ந்து வந்தோம். நாங்கள் நடுக்கடலில் இருக்கும்போதே கரையில் பாங்கு சொன்னார்கள். படகில் ஜௌஃபரின் மாமியார் இருந்தார், சம்பந்தி வீட்டுக்கென்று மீன் உருண்டை பொரித்துத் தட்டு நிறைய எடுத்து வந்திருந்தார். அத்தனையையும் பயணிகளுக்குப் பங்கு போட்டார். நடந்து வந்திருந்தால் எப்போதோ வந்திருக்கலாம் என்று மருமகன் காதில் விழும்படி ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டே கொடுத்தார்.

அவ்வளவுதான் நடந்தது. ஆனால் மறுநாளிலிருந்து ஜௌஃபர் துறைமுகத்தில் தலைகாட்டினால் போதும், இன்றைக்கு நோன்பு திறப்பது வீட்டிலா பாறை மேலா என்று வலை நாற்காலியிலிருந்து ஒரு குரல் வரும். பெருநாள் முடிந்தும் அது ஓயவில்லை. மானம் போன மனுசன் ஒருநாள் காலையில் நேராக தலீலாவின் கடைக்கு வந்தார். நானும் பின்னால் நின்றேன்.

"நீ போட்ட ரப்பர் என்னைச் சந்தி சிரிக்க வச்சிருச்சு" என்றார்.

"கியரு நல்லா இருக்கா?"

"இருக்கு."

"ஏறுன ஆளுங்க?"

"எல்லாரும் இருக்காங்க. அதை விடு."

"அப்ப ரப்பர் மேல என்ன குறை கண்டீங்க? உங்க மாமியாவைப் பத்திரமா கொண்டாந்து சேர்த்ததா?"

எனக்குச் சிரிப்பு வந்தது, முதலாளி முன்னால் எப்படிச் சிரிப்பது. ஜௌஃபர் விஷயத்துக்கு வந்தார். விசிறியின் உள் உருளையையும் ஹப்பையும் சேர்த்துத் துளை போட்டு, இரும்பு போல்ட்டை இறக்கி, வழுக்கவே முடியாதபடி இறுக்கிக் கொடுக்க வேண்டும். எல்லாப் படகுக்கும். தலைநகரத்தில் சிலர் அப்படித்தான் செய்துகொள்கிறார்களாம். தலீலா முடியாது என்றாள். கூலியை ஏற்றிச் சொன்னார். கூலி பிரச்சினையில்லை, முடியாது என்றாள். தெரியாதா, இல்லை முடியாதா என்று கேட்டார்.

"தெரியும். ஒரு காலையில முடிச்சிருவேன். செய்ய மாட்டேன்."

அன்று வீட்டில் பெரிய சண்டை. நானும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. அவர் படகு, அவர் மோட்டார், போல்ட்டைப் போட்டுத் தொலைத்தால் உனக்கென்ன என்றேன். என் வேலை என்ன ஆகும் என்றும் கேட்டேன். அவள் துருவிக்கொண்டிருந்த தேங்காயை அப்படியே வைத்தாள்.

"மோட்டார் அவரோடதுதான். ஏறுற புள்ளைகுட்டியும் அவரோடதா? தென்மேற்குக் காத்துல, துறைமுக வாயில, பின்னாடி அலை வர்றப்ப கியரு நொறுங்குனா ஊர்ந்து வர்றதுக்குக்கூட வழி கிடையாது. படகு குறுக்கால திரும்பிப் பாறையில ஏறும். நீதான் சுக்கான் புடிச்சிருப்ப. நீ அவர் படகை ஓட்டு ஸவாது, என் கடையை ஓட்டாத."

காஜியாரிடம் போவோமா என்று நான் கேட்டேன், செருப்பைப் போட்டுக்கொண்டு அவள் கிளம்பியும் விட்டாள். வழியில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு வீட்டுத் தாழ்வாரத்தில் ஒதுங்கி நின்றோம். அந்த வீட்டுக்காரி தேநீர் கொடுத்தாள். திரும்பி வந்துவிட்டோம், ஆனால் பேச்சு இல்லை.

ஜௌஃபர் தலைநகரத்திலிருந்து ஒரு மெக்கானிக்கை வரவழைத்தார். நல்ல மனுசன், கை சுத்தமான வேலைக்காரன். சொன்னதைச் செய்துவிட்டு அடுத்த படகில் போய்விட்டான். உள்ளதைச் சொல்ல வேண்டும்: போல்ட் போட்ட படகுகள் ஜோராக ஓடின. வழுக்கல் இல்லை, கிளப்பினால் பாய்ந்தன. நானே ஓட்டினேன், எனக்கே பிடித்திருந்தது. பார்த்தவர்களுக்கெல்லாம் ஆசை வந்தது. தோணிக்காரன், மணல் படகுக்காரன், மீனுக்குப் போகிறவன் என்று ஆளாளுக்கு ஒரு துளைபோடும் எந்திரத்தை இரவல் வாங்கி, விசிறியில் ஓட்டை போட்டார்கள். போல்ட்டை முறுக்கத் தெரிந்தவனெல்லாம் மெக்கானிக் ஆனான்.

தலீலாவின் கடைப் பக்கம் ஈ எறும்பு வரவில்லை. கிட் பெட்டிகளில் உப்புக்காற்று பட்டு அட்டை உரிந்தது. சொந்தத் தங்கச்சி மகன் வந்து, எல்லாரும் போடுகிறார்கள், எனக்கு மட்டுமாவது போட்டுக்கொடு பெரியம்மா என்றான். அவனையும் திருப்பி அனுப்பினாள். ரப்பர் தலீலா என்று ஊர் பெயர் வைத்தது. எங்கள் தீவில் பட்டப்பெயர் இல்லாத ஆள் கிடையாது, ஆனால் இது குத்துவதற்காகவே வைத்தது. பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள்கூடக் கத்திக்கொண்டு ஓடின. ஒரு வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து ஆண்கள் எல்லாரும் துறைமுகம் வழியாக வருகிறோம், அவள் கடை நெற்றியில் புதுப் பலகை தொங்குகிறது. படகுக்கு அடிக்கும் நீலப் பெயிண்டில், பாதித் தெருவுக்குத் தெரியும் எழுத்தில், 'ரப்பர் தலீலா'. கீழே அவள் உட்கார்ந்து பாக்கு வெட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அன்றைக்குத்தான் மறுபடி அவளோடு பேச ஆரம்பித்தேன்.

ஆனால் பலகை சோறு போடாது. பெரிய அடியும் பின்னாலேயே வந்தது. கடைக்கு ஆளே வருவதில்லை, கரையோரத்து நல்ல இடம் வீணாகக் கிடக்கிறது, தன் எரிபொருள் பீப்பாய்களை வைக்க அதைத் தர வேண்டும் என்று ஜௌஃபர் கவுன்சிலைக் கேட்டார். கரை போனால் தலீலாவுக்குக் கடை இல்லை. மோட்டார்களை ஊருக்கு நடுவே தூக்கிக்கொண்டு யார் வருவார்கள்? அவள் சாப்பிடுவது குறைந்தது. கேட்டால் வெயில் என்பாள்.

கவுன்சில்காரர்கள் இடத்தைப் பார்த்து முடிவு சொல்ல ஒரு சனிக்கிழமை சாயங்கால அஸர் தொழுகைக்குப் பின் துறைமுகத்துக்கே வந்தார்கள். ஊரும் வந்தது. எங்கள் ஊரில் நல்லது கெட்டதுக்கு வராதவன்கூடப் பஞ்சாயத்துக்கு வருவான். தலைவர் இஸ்மத் யாரையும் பகைத்துக்கொள்ளாத மனுசர். ஒரு சமாதானத்தோடு வந்திருந்தார். ஊருக்கு வேண்டியது போல்ட். தலீலா அதைப் போட்டுக் கொடுக்கட்டும். கடை அவளுக்கே இருக்கட்டும். ஜௌஃபருக்கு வேறு இடம் பார்க்கலாம். எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். எவ்வளவு எளிதாக முடிகிறது என்று எனக்கு ஆறுதலாகக்கூட இருந்தது.

தலீலா எழுந்து நின்றாள்.

"போட மாட்டேன். கடையை எடுக்கணும்னா எடுத்துக்குங்க. அதுக்கு முன்னாடி ஒரு வேலை பாக்கி இருக்கு. பார்த்துட்டு எடுத்துக்குங்க."

துறைமுகம் தோண்டியபோது அள்ளிப் போட்ட செத்த பவளக் கற்கள் வாய்ப் பக்கம் ஒரு குவியலாகக் கிடக்கின்றன. கடல் பாதி ஏறியிருக்கும்போது அதன் தலை முழங்கால் ஆழத்தில் இருக்கும். தலீலா தன் சின்னப் படகில் ஏறினாள். நானும் ஏறப் போனேன், நீ கனம், நில் என்றாள். ஒரு வட்டமடித்து, வேகமெடுத்து, கண்ணைத் திறந்துகொண்டே நேராக அந்தக் கல் குவியலின் மேல் விட்டாள்.

மோதிய சத்தம் கரையில் எங்கள் காலில் தெரிந்தது. மோட்டார் துள்ளி மேலே எழும்பி விழுந்தது. பெண்கள் பக்கம் யாரோ அல்லாவைக் கூப்பிட்டார்கள். எஞ்சின் வெறுமனே அலறியது, படகு நின்றுவிட்டது. கைப்பிடியை இறுகப் பிடித்திருந்த தலீலா எழுந்து பின்னால் எட்டிப் பார்த்தாள், வேகத்தை அடியோடு குறைத்தாள். படகு மெல்ல, மிக மெல்ல நகர்ந்தது. அவள் எங்களைப் பார்க்கக்கூட இல்லை. கரையேறும் சரிவுக்கு ஊர்ந்து வந்து சேர்ந்தாள்.

இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்று மோட்டாரைத் தூக்கினாள். தகட்டுக் காதை நிமிர்த்தி, நட்டைக் கழற்றி, இதழ் வளைந்த பழைய விசிறியை உருவி எடுத்தாள். உள்ளே குழல் கிழிந்து நார் நாராக இருந்தது. அதை இஸ்மத் கையில் கொடுத்தாள். மேல்துணியில் முடிந்து வைத்திருந்த புதுக் கிட்டைப் பிரித்து, கிரீஸ் தடவி, முன் வாஷரை விரலால் ஒரு தடவை தடவிப் பார்த்துப் போட்டு, வேறு விசிறி ஏற்றி முறுக்கினாள். மறுபடி ஏறி உட்கார்ந்து எஞ்சினைக் கிளப்பி, துறைமுகத்தை ஒரு சுற்று பறந்து வந்து, ஜௌஃபர் நின்ற இடத்துக்கு எதிரே நிறுத்தினாள்.

"இப்ப உங்க படகு" என்றாள்.

ஜௌஃபர் சிரிக்கப் பார்த்தார். இதென்ன பிள்ளை விளையாட்டு என்று கவுன்சிலைப் பார்த்துக் கேட்டார். இஸ்மத் கையிலிருந்த கிழிந்த குழலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். போல்ட் போட்டால் வழுக்காது என்பதுதானே உங்கள் பேச்சு, வழுக்காத படகுக்குப் பயம் என்ன என்று வலை நாற்காலிக் கிழம் ஒன்று கேட்டது. அதே கிழம்தான் முதலில் ரப்பர் என்று கத்தியதும். ஜௌஃபர் என் பக்கம் திரும்பினார்.

"ஸவாது, எடு படகை."

எஞ்சினை அணைக்கும் சிவப்புக் கயிறு என் மணிக்கட்டில் இருந்தது. ஓட்டுகிறவன் தண்ணீரில் விழுந்தால் எஞ்சின் நிற்பதற்காகக் கட்டுவது. அதை அவிழ்த்து அவரிடம் நீட்டினேன். முடிச்சை அவிழ்க்க வெகுநேரம் ஆனது என்று தலீலா இன்றுவரை சொல்கிறாள். ஆகவில்லை.

"நீங்களே எடுங்கண்ணே" என்றேன்.

"சம்பளம் வாங்குறவன் நீ."

"சம்பளம் ஓட்டுறதுக்குத்தான். போல்ட்டை நம்புறது நீங்க."

கயிற்றை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார். மனுசன் கோழை இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஏறினார், இரண்டு மோட்டாரையும் கிளப்பினார், வெளியே போய் வட்டமடித்து மூக்கைக் கல் குவியலுக்கு நேராகத் திருப்பினார். படகு வந்தது. தலீலா வெற்றிலை மெல்லுவதை நிறுத்தியிருந்தாள். அவள் ஜெயிக்க வேண்டுமானால் அந்தப் படகு நொறுங்க வேண்டும், ஆனால் அவள் உதடு வேண்டாம் வேண்டாம் என்று அசைந்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். குவியல் நெருங்க நெருங்க எஞ்சின் சத்தம் இறங்கியது. இன்னும் இறங்கியது. கற்களுக்கு ஒரு படகு நீளம் முன்னால் எல்லாம் அணைந்து, படகு அலையில் சும்மா ஆடிக்கொண்டு நின்றது. அதற்குள்ளே ஜௌஃபர் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

ஒருவரும் சிரிக்கவில்லை. போல்ட் போட்ட ஒவ்வொருவனும் தன் படகு கட்டியிருக்கும் பக்கம் பார்த்தான். இஸ்மத் தொண்டையைச் செருமிக்கொண்டு, கடை இருக்கிற இடத்திலேயே இருக்கும் என்றார். ஓட்டெடுக்கவில்லை.

மறுநாள் காலை ஜௌஃபரின் படகு தலீலாவின் சரிவில் நின்றது. ஆளை அனுப்பவில்லை, அவரே வந்திருந்தார். மோட்டார்களைத் தூக்கிவிட்டு ஒதுங்கி நின்றார். தலீலா விசிறியைப் பார்த்தாள், போல்ட் தலையைப் பார்த்தாள், ஸ்பானரை எடுத்து அவரிடமே நீட்டினாள்.

"போட வச்சவங்க கழட்டட்டும். அப்புறம் நான் மாட்டுறேன்."

வலை நாற்காலிகள் நிறைந்திருந்த வேளை அது. ஜௌஃபர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். உப்பில் பிடித்துப்போன போல்ட் லேசில் வருமா? காலை முழுக்கப் போராடினார். விரல் முட்டிகளில் தோல் உரிந்தது. யார் உதவிக்கு எழுந்தாலும் தலீலா பார்த்த பார்வையில் உட்கார்ந்துவிட்டார்கள். நானும் உட்கார்ந்துதான் இருந்தேன். கடைசிப் போல்ட்டும் வந்த பிறகுதான் அவள் எழுந்து புதுக் கிட்டைப் பிரித்தாள். துளை விழுந்த விசிறி ஆகாது என்று ஓரமாக வைத்துவிட்டு வேறு விசிறி ஏற்றினாள். முறுக்கி முடித்ததும், தகட்டுக் காதை மடக்க அவரைக் கூப்பிட்டாள்.

மடக்கிவிட்டு, ரத்தம் கசிந்த கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டே ஜௌஃபர் கேட்டார்.

"இது ஒடையாதுல்ல?"

"ஒடையும்" என்றாள் தலீலா. "நீங்க ஒடையாம வீடு வந்து சேருவீங்க."